மாடத்தி பாட்டின் கடைசிச் சரணம்

சங்கரன்கோயில் வட்டாரத்தில் யார் வெட்டுப்பட்டுச் செத்தாலும், கிணற்றில் குதித்துச் செத்தாலும், கருமாதி முடிவதற்குள் சண்முகையா அதைப் பாட்டாக்கிப் புத்தகமாகப் போட்டுவிடுவார். எட்டுப் பக்கம், மட்டமான காகிதம், அட்டையில் ரத்தம் சொட்டும் கத்தி. எங்கள் அச்சகத்தில் அந்தக் கத்தி பிளாக் ஒன்றுதான் இருந்தது. அதனால் கிணற்றில் விழுந்தவர்களுக்கும் கத்தியைத்தான் போட்டோம். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை. வாங்குகிறவர்களுக்கு ரத்தம் சொட்டினால் போதும்.

நான் ஆதம். கடையநல்லூர்க்காரன். தினமும் பஸ்ஸில் சங்கரன்கோயில் வந்து அந்த அச்சகத்தில் ஈய எழுத்துக் கோர்த்தவன். சண்முகையா எழுதிய பாட்டெல்லாம் என் விரல் வழியாகத்தான் வெளியே போனது. ஆகவே அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு, திட்டவும் உண்டு. "வெறும் பாட்டுதான வே, விடும்" என்று யாராவது என்னிடம் சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். வெறும் பாட்டாவது! ஒரு பாட்டு ஒரு பெண்பிள்ளையின் அடுப்பை அணைத்ததைக் கண்ணால் பார்த்தவன் நான்.

சண்முகையா முதலில் விசைத்தறியில் வேலை பார்த்தவர். தறிச் சத்தத்துக்கு மேலே பாடிப் பாடிப் பழகிய தொண்டை. பிறகு தறியை விட்டுவிட்டுப் பாட்டே தொழில் என்று இறங்கினார். ஆள் நெட்டை. வெள்ளை ஜிப்பா, கழுத்தைச் சுற்றி ஒரு கைக்குட்டை, கையில் கஞ்சிரா. பஸ் ஸ்டாண்டு, தேரடி, சந்தை, எங்கே ஜனம் உண்டோ அங்கே நின்று நாலு தட்டுத் தட்டுவார். வட்டம் கூடிவிடும். தன் குரலைப் பற்றி அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. "எனக்கு எதுக்கு வே மைக்கு? மைக்குக்குத்தான் நான் வேணும்" என்பார்.

அவர் தொழிலுக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடுவார். பிறகு வாயை மூடிக்கொண்டு கஞ்சிராவை மட்டும் தட்டுவார். கூட்டம் தானாகப் பல்லவியை எடுத்துப் பாடும். அதற்குப் பிறகுதான் முதல் சரணம். சரணம் முடிந்து அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் கூட்டம் பல்லவியைப் போடும். இரண்டாம் சரணம், மறுபடியும் கூட்டம். இப்படியே கொண்டுபோய், கதையில் முடிச்சு விழுகிற இடத்தில் கஞ்சிராவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மிச்சத்தைப் புஸ்தகத்தில பாத்துக்கிடுங்க" என்று நிறுத்திவிடுவார். கொன்றது யார், பிடிபட்டானா, தண்டனை என்ன, எல்லாம் கடைசிச் சரணத்தில்தான் இருக்கும். கடைசிச் சரணத்தைத் தெருவில் பாடுவதே இல்லை. பாடிவிட்டால் புத்தகத்தை எவன் வாங்குவான்?

எனக்கும் அவருக்கும் பல்லவியால் ஓயாத சண்டை. ஒவ்வொரு சரணத்துக்கு அடியிலும் பல்லவியை முழுசாக அச்சடிக்க வேண்டும் என்பார். அத்தனை எழுத்துக்கு நான் எங்கே போவேன்? எங்கள் முதலாளி எழுத்து வாங்குவதில் மகா கருமி. அதனால் பல்லவியை முதல் பக்கத்தில் ஒரு தடவை கோர்த்துவிட்டு, மற்ற இடங்களில் அதன் முதல் சொல்லை மட்டும் அடைப்புக்குறிக்குள் வைத்துவிடுவேன்.

"பல்லவியை இப்படி மொட்டையடிக்கீரே, பாவி" என்பார்.

"அதான் ஊருக்கே மனப்பாடம் ஆயிருதே. பொறவு அதுக்கு எதுக்கு அச்சு?"

அப்படிச் சொன்னால் அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும். டீக்கடையில் எனக்கும் சேர்த்து டீ சொல்வார். "பல்லவின்னா ஒரு மூச்சில அடங்கணும் வே. கேட்டவன் வீட்டுக்குப் போயிக் கால் கழுவும்போது அவனை அறியாம வாயில வரணும். வார்த்தை மாறவே கூடாது. சரணம் அப்படியில்ல. அது நடந்து போற ஆளு. அடிக்கு அடி புதுசு. கடைசி வரைக்கும் கூட நடந்து வந்தவனுக்குத்தான் அது எங்க போயிச் சேந்துதுன்னு தெரியும்."

நன்றாகத்தான் சொன்னார். தான் சொன்னதைத் தானே காதில் வாங்கியிருக்கலாம்.

எழுபத்தெட்டாம் வருஷம் ஆனி மாதம் மாடத்தி அச்சகத்து வாசலில் வந்து நின்றாள். முப்பது வயது இருக்கும். ஒடிசலான தேகம், கையில் ஒரு தூக்குவாளி. மேலநீலிதநல்லூர்ப் பாதையில் ஒரு ஊர்க்காரி. ஊர்ப் பெயர் வேண்டாம். பாட்டில் அடிபட்டதே போதும்.

அவள் புருஷன் அந்தத் தை மாதம் பருத்திக்கு மருந்தடிக்கப் போயிருக்கிறான். சட்டை கிடையாது, மூக்கை மூட ஒரு துணி கிடையாது. காலையிலிருந்து உச்சி வரைக்கும் காற்றுக்கு எதிரே நின்று அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவன், மாடத்தி ஊற்றிக்கொடுத்த கூழைக் குடித்தான். கும்பாவைக் கீழே வைப்பதற்குள் நுரை தள்ளிச் சாய்ந்துவிட்டான். ஊர் கும்பாவைத்தான் பார்த்தது, பருத்திக்காட்டைப் பார்க்கவில்லை. போலீஸ் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனது. உடம்பை அறுத்துப் பார்த்த டாக்டர், மருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் ஏறியிருக்கிறது, கூழில் ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். கும்பாவையும் சோதித்துப் பார்த்தார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. போலீஸ்காரர்களே அவளை பஸ் ஏற்றி அனுப்பிவைத்தார்கள். அவள் வந்து சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்கே தெரியும்.

இதில் பெரிய கொடுமை, அவள் பிழைப்பே கூழ்தான். ஊர் விலக்கில் பஸ் நிற்கிற இடத்தில் பானை வைத்துக் கம்பங்கூழ் விற்கிறவள். உள்ளூர்க்காரர்களில் பலபேர் அவள் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார்கள். பஸ்ஸில் வருகிற வெளியூர்க்காரர்களை வைத்துத்தான் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

"நான் குத்தவாளி இல்லன்னு பேப்பர்ல ஒரு ஓரமாப் போட்டிருந்தாவளாம் அண்ணாச்சி" என்றாள் சண்முகையாவிடம். "எங்க ஊர்ல பேப்பர் யாரு படிக்கா? ஒங்க பாட்டுன்னா எல்லாரும் நின்னு கேக்காவ. நடந்தத நடந்தபடி ஒரு பாட்டாப் போடுங்க. என் கையால நாலு பேரு வாங்கிக் குடிக்கணும். அதுதான் எனக்கு வேணும்."

தூக்குவாளியைத் திறந்தாள். கெட்டியான கூழ், மோர் விட்டுக் கரைத்தது, மேலே சின்ன வெங்காயம். சண்முகையா டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "இன்னொண்ணு ஊத்து தங்கச்சி" என்று நீட்டினார். நானும் குடித்தேன். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்கும் மனசில் ஒரு துளி சந்தேகம் இல்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலமே உட்கார்ந்து எழுதிவிட்டார். காசு வாங்கவில்லை. ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற வேகம் அவருக்கு. எழுதியதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்து, கஞ்சிராவைத் தட்டி, பாடியும் காட்டினார்.

"கூழில வச்சாளோ, குழம்பில வச்சாளோ – மாடத்தி
கொண்டவன் வாய்க்கு நஞ்சைக் கும்பாவில் வச்சாளோ!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. பொய் சொல்லமாட்டேன், அவர் எழுதிய பல்லவிகளிலேயே அதுதான் உசத்தி. ஆனாலும் உறுத்தியது.

"அந்தப் பிள்ளை பேரை எதுக்கு வே பல்லவியில வச்சீரு?"

"வச்சாளோன்னுதான கேட்டிருக்கேன்? வச்சான்னா சொன்னேன்? கேள்வியப் போட்டாத்தான் வே பதிலுக்குப் புஸ்தகம் வாங்குவான். பதிலு கடைசிச் சரணத்தில கல்லுல வெட்டின மாதிரி கெடக்கு பாரும்" என்றார்.

கிடக்கத்தான் செய்தது.

"காத்துக்கு எதிர நின்னு மருந்து அடிச்சானே
மேலுக்குச் சட்டையில்ல, மூக்குக்குத் துணியுமில்ல
அறுத்துப் பாத்த டாக்டரும்தான் அடிச்சுச் சொல்லிப்புட்டார்
கூழில நஞ்சு இல்ல, கும்பாவில் குத்தமில்ல."

இதைவிடத் தெளிவாக யார் எழுத முடியும்? நானும் வாயை மூடிக்கொண்டு கோர்த்தேன். ஒவ்வொரு சரணத்துக்குக் கீழேயும் 'கூழில' என்ற ஒரு சொல்லை அடைப்புக்குறிக்குள் வைத்தேன். கடைசிச் சரணத்துக்குக் கீழேயும் வைத்தேன். வைப்பதுதான் முறை.

ஆடித்தவசுத் திருவிழாவுக்குப் புத்தகம் தயார். தவசு என்றால் கேட்க வேண்டியதில்லை. திருவேங்கடம், வாசுதேவநல்லூர், இன்னும் எங்கெங்கோ இருந்தெல்லாம் வண்டி கட்டி ஜனம் வந்து இறங்கும். காட்டில் விளைந்த பருத்தியையும் வத்தலையும் அள்ளி அம்மனுக்கு வீசுவார்கள். ரத வீதியில் காலுக்கடியில் பஞ்சும் மிளகாயுமாகக் கிடக்கும். அந்தக் கூட்டத்தில் சண்முகையா நின்று, "கூழில வச்சாளோ" என்று எடுத்தார் பாருங்கள், இரண்டாவது தடவையே ஜனம் பிடித்துக்கொண்டது. மதியத்துக்குள் புத்தகம் தீர்ந்துபோக, ஓடிவந்து மறுபடி அடிக்கச் சொன்னார். டிரெடில் அச்சு மிஷின் சூடாகிவிட்டது. முதலாளி எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் அந்தப் பாட்டுதான். களை எடுக்கப் போகிற பெண்கள் பஸ்ஸில் பாடினார்கள். தறிக்கூடத்தில் பாடினார்கள். சண்முகையாவின் மனைவி முத்துத்தாய் ஆட்டுரலில் மாவாட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். "கேட்டீரா, வீட்டுக்குள்ளயே வந்துட்டு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். முத்துத்தாய்க்கு நடந்த உண்மை அத்தனையும் தெரியும். இருந்தும் அவள் வாயில் வந்தது அந்த இரண்டு வரிதான். எங்களுக்கு அப்போதும் உறைக்கவில்லை.

புரட்டாசியில் ஒருநாள் சண்முகையா பத்துப் பதினைந்து புத்தகத்தைத் துணியில் கட்டிக்கொண்டு, "வாரும் வே, மாடத்தியப் பாத்துட்டு வருவோம். பிள்ளை சந்தோசப்படும். கூழும் குடிச்ச மாதிரி இருக்கும்" என்று கூப்பிட்டார். எனக்கும் ஆசைதான். போனோம்.

விலக்கில் இறங்கினால் பானையைக் காணோம். மூன்று கல்லு அடுப்பு சாம்பல்கூட இல்லாமல் கிடந்தது. மாடத்தி மரத்தடியில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஆள் பாதியாக இளைத்திருந்தாள்.

"என்ன தங்கச்சி, கூழ்ப்பானையக் காணோம்?"

அவள் நிமிரவில்லை. "யாருக்கு ஊத்த?"

"ஏன், பஸ்ஸுக்காரவ?"

"போலீசு விட்டு நான் வந்தப்போ ஊர்ல பாதிப் பேருதான் என்னைச் சந்தேகப்பட்டாவ அண்ணாச்சி. வெளியூருக்காரவளுக்கு ஒண்ணும் தெரியாது. வந்து குடிச்சாவ. இப்ப பஸ்ஸு நிக்கும்போதே உள்ள இருந்து பாடுதாவ. 'இவதானா அந்த மாடத்தி'ன்னு எட்டி எட்டிப் பாக்காவ. ஒரு கண்டக்டரு, தெனமும் குடிக்கிற மனுசன், வாங்கின டம்ளர அப்படியே கீழ வச்சிட்டுக் காசையும் வச்சிட்டுப் போயிட்டாரு. அதோட நான் பானையக் கவுத்துட்டேன்."

சண்முகையா கட்டோடு அவள் முன்னால் குந்தினார். புத்தகக் கட்டை அவிழ்த்து ஒன்றை எடுத்து நீட்டினார். "அதெப்படி? கடைசிச் சரணத்தில நான் தெளிவாச் சொல்லியிருக்கேனே! கூழில நஞ்சு இல்லன்னு அடிச்சுச் சொல்லியிருக்கேனே!"

மாடத்தி அப்போதுதான் நிமிர்ந்தாள். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது. அதில் கோபமே இல்லை.

"அப்படியா சொல்லியிருக்கு?" என்று கேட்டாள். "எனக்கு எழுத்துத் தெரியாதே அண்ணாச்சி. எனக்கும் அந்த முதல் ரெண்டு வரிதான் தெரியும்."

யா அல்லாஹ்! எனக்கு நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. யாருக்காகப் பாட்டு எழுதப்பட்டதோ அவளுக்கே அவள் குற்றமற்றவள் என்கிற வரி போய்ச் சேரவில்லை. இத்தனை மாதமும் அண்ணாச்சி ஏன் இப்படிச் செய்தார் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை வந்து கேட்காமல், அவள் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சண்முகையா எழுந்து நின்றார். கஞ்சிராவை எடுத்தார். அவர் தொழிலில் முதல்முறையாக, கடைசிச் சரணத்தை நடுத்தெருவில் நின்று பாடினார். கஞ்சிராச் சத்தம் கேட்டு ஊர் கூடியது. டீக்கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், குடத்தோடு வந்த பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். "காத்துக்கு எதிர நின்னு" என்று ஆரம்பித்து, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி, "கூழில நஞ்சு இல்ல, கும்பாவில் குத்தமில்ல" என்று முடித்தார். மாடத்தி வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. சண்முகையா மூச்சு வாங்குவதற்காக நிறுத்தினார்.

அவ்வளவுதான். ஊர் மொத்தமும் ஒரே குரலில் எடுத்தது.

"கூழில வச்சாளோ, குழம்பில வச்சாளோ – மாடத்தி..."

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கையைத் தட்டிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக, குடத்தில் தாளம் போட்டுக்கொண்டு பாடினார்கள். சரணம் முடிந்தால் பல்லவி பாட வேண்டும் என்று பழக்கியது யார்? இந்த மனுசன்தான். சரணத்தில் என்ன சொன்னார் என்று அவர்கள் காதில் வாங்கவில்லை, எப்போது முடியும், தங்கள் முறை எப்போது வரும் என்றுதான் காத்திருந்திருக்கிறார்கள். "நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!" என்று சண்முகையா கத்தினார். தறிச் சத்தத்தை ஜெயித்த அந்தத் தொண்டை அன்றைக்கு எடுபடவில்லை. ஜனம் இன்னொரு தடவை பாடிவிட்டுத்தான் ஓய்ந்தது. மாடத்தி தீப்பெட்டிக் கூடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருத்தரையும் பார்க்காமல் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் புத்தகக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர் நெருங்கும்போது, "நான் எழுதினதுதான வே? நான் சொன்னா நிக்க மாட்டேங்குதே" என்றார். எனக்கு அவரைத் தேற்றத் தோன்றவில்லை. நன்றாகத் திட்டத்தான் தோன்றியது, திட்டினேன்.

மறுநாளே கடை கடையாகப் போய் மிச்சமிருந்த புத்தகங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தார். ஜனத்துக்குப் புத்தகம் எதற்கு? பல்லவி வாயில் இருந்தது. பிறகு புதுப் பாட்டு ஒன்று எழுதினார். "குத்தம் அறியாதவ, குணமான மாடத்தி, சத்தியமாச் சொல்லுதேன், சங்கரலிங்கம் சாட்சி" என்று அதற்குப் பல்லவி. அச்சுக் கோர்க்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, இது தாசில்தாருக்குக் கொடுக்கிற மனு, பாட்டு இல்லை. சந்தையில் பாடினார். ஒரு வாய் கூடச் சேர்ந்து பாடவில்லை. ஒருத்தர் கொட்டாவி விட்டார். "அந்தக் கூழுப் பாட்டப் பாடும்வே" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. கஞ்சிராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

வருஷம் சுற்றி மறுபடி ஆடித்தவசு வந்தது. சண்முகையா புதிதாக ஏதும் எழுதவில்லை. முத்துத்தாய் விரட்டி அனுப்பியதால் பழைய பக்திப் பாட்டுப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு தேரடிக்கு வந்தார். நானும் புத்தகம் விற்க உடன் நின்றேன். நல்ல உச்சி வெயில். இரண்டு பாட்டுப் பாடினார். மூன்றாவது எடுப்பதற்குள் கூட்டத்தில் யாரோ விளையாட்டாக, "கூழில வச்சாளோ" என்று ஆரம்பித்துவிட்டார்கள். வட்டம் முழுக்கப் பற்றிக்கொண்டது. அவர் கஞ்சிராவைத் தொடவே இல்லை. அவர் வேண்டியதே இல்லை அவர்களுக்கு. பாட்டைப் பெற்றவர் நடுவில் திருதிருவென்று நிற்க, சுற்றி நின்று அவர் பாட்டை அவர்களே பாடினார்கள்.

அப்போது வட்டம் ஒரு பக்கம் விலகியது. தலையில் பானையோடு மாடத்தி உள்ளே வந்தாள்.

நேராக நடுவுக்கு வந்து, சும்மாட்டை எடுத்துத் தரையில் போட்டு, பானையை அதன்மேல் இறக்கினாள். ஒன்றும் புரியாமல் கூட்டம் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தது.

"நான்தான் மாடத்தி" என்றாள்.

பாட்டு அப்படியே அறுந்தது. பல்லவியில் இருந்த பேருக்கு ஒரு முகமும் உடம்பும் இருக்கும் என்று அந்த ஜனம் நினைத்தே பார்த்திருக்கவில்லை போலும். முன்னால் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். மாடத்தி அகப்பையால் கலக்கி, டம்ளர் நிறைய ஊற்றி, சண்முகையாவிடம் நீட்டினாள்.

"குடிங்க அண்ணாச்சி."

அவர் வாங்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். கை நின்றுவிட்டது.

நான் பக்கத்தில் இருந்தேன், பார்த்தேன். ஒரு கணம்தான். முந்தின வருஷம் ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டவர். கூழில் நஞ்சு இல்லை என்று தன் கையால் எழுதியவர். அந்த ஊரில் அவளுக்காக நின்று தொண்டை கிழியக் கத்தியவர். அவர் கை நின்றது. டம்ளருக்குள் பார்த்தார். சுற்றியிருந்த ஜனத்தைப் பார்த்தார். நானாவது அந்த டம்ளரைப் பிடுங்கிக் குடித்தேனா? இல்லை. ஒரு வருஷமாகக் காதில் விழுந்த அந்த இரண்டு வரி எங்கள் ரத்தத்திலேயே ஊறிப்போயிருந்தது.

மாடத்தி அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாட்டு ஒங்களையும் பிடிச்சிட்டா அண்ணாச்சி?" என்றாள். மெல்லத்தான் கேட்டாள். எனக்கும் அவருக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும்.

சண்முகையாவின் முகம் சுருங்கியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி ஆகியிருக்காது. டம்ளரைக் கவிழ்த்துக் குடித்தார். கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரை நீட்டினார். அவள் மறுபடி ஊற்றினாள். அதையும் குடித்தார். ஜனம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. நுரை தள்ளுகிறதா என்று பார்த்தார்கள். வேறு எதற்காகப் பார்த்தார்கள்? தவசு மேளம் மேற்கே எங்கோ கேட்டது.

அவர் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார். கஞ்சிராவை எடுக்கவில்லை. பேசுகிற குரலில், தாளம் இல்லாமல், அந்தக் கடைசிச் சரணத்தைச் சொன்னார். "கூழில நஞ்சு இல்ல, கும்பாவில் குத்தமில்ல." முடித்துவிட்டு, மூச்சு வாங்குகிற அந்த இடத்தில் நிறுத்தினார்.

ஒருத்தரும் பல்லவியை எடுக்கவில்லை. எங்கே எடுத்துவிடுவார்களோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எடுக்கவில்லை. அம்மனுக்கு வீச மடியில் வைத்திருந்த வத்தலோடு நின்ற ஒரு திருவேங்கடத்து அம்மா முன்னால் வந்து பானைப் பக்கத்தில் குந்தினாள்.

"வெயிலு மண்டையப் பொளக்கு. எனக்கும் ஒரு டம்ளர் ஊத்துட்டி" என்றாள்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் பானை காலி. அதற்காக ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஒவ்வொரு ஆளாகத்தான் வந்தார்கள். அந்தப் பழைய கண்டக்டர் வருவதற்குத் தை பிறந்துவிட்டது. ஆனால் மூன்று கல்லு அடுப்பில் மறுபடி புகை வந்தது. தீப்பெட்டிக் கூடையை மாடத்தி யாருக்கோ கொடுத்துவிட்டாள்.

சண்முகையா அதற்குப் பிறகும் எழுதினார். உயிரோடு இருக்கிறவர் பேரைப் பல்லவியில் வைத்ததில்லை. வட்டம் கூடியதும் முதலில் கடைசிச் சரணத்தைப் பாடிவிட்டுத்தான் பாட்டையே தொடங்குவார். கொன்றது யார் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால் புத்தகம் எப்படி விற்கும்? விற்கவில்லை. பாதி நாள் மறுபடி தறிக்குப் போனார். எண்பத்தாறில் சாகிற வரைக்கும் அப்படித்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் பஸ் ஏறி மாடத்தியிடம் கூழ் குடிக்கப் போவார். அச்சகம் லீவு விட்டால் நானும் போவேன். அவள் எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. வீட்டு விசேஷம் எல்லாம் விசாரிப்பாள், வெங்காயம் கூடுதலாகப் போடுவாள், காசு கொடுத்தால் கோபித்துக்கொள்வாள். ஆனால் டம்ளரை அவரிடம் கொடுத்துவிட்டு, மற்ற வேலையைப் பார்க்கத் திரும்பமாட்டாள். அவர் முதல் வாய் குடித்து முடிக்கிற வரைக்கும் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பாள்.